கூட்டுறவு வங்கி கலைக்கப்பட்டால் நம் பணம் என்னாகும்?

வணிகர்களாகிய நம்மில் பலர் நகரக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த வங்கி நொடித்துப்போனால் சட்டம் என்ன சொல்கிறது?

ரிசர்வ் வங்கி உரிமத்தை ரத்து செய்ததும், கூட்டுறவு சங்கங்களின் பதிவாளர் வங்கியைக் கலைக்க உத்தரவிட்டு, கலைப்பு அலுவலரை நியமிப்பார். அந்த அலுவலர் 3 மாதங்களுக்குள் டெபாசிட்தாரர் பட்டியலை டெபாசிட் இன்சூரன்ஸ் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கழகம் 2 மாதங்களுக்குள் பணம் வழங்க வேண்டும். உரிமம் ரத்தாகும் முன்பே, பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்டாலும், 2021-ஆம் ஆண்டுத் திருத்தப்படி 90 நாட்களில் காப்பீட்டுத் தொகை பெறலாம்.

உச்சவரம்பு, அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம். 2020 பிப்ரவரி 4-க்கு முன் இது ரூ.1 லட்சமாக இருந்தது. நடப்புக் கணக்கும் இதில் அடங்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஒரே வங்கியின் பல கிளைகளில் போட்ட பணம் ஒன்றாகவே கூட்டப்படும்.

2. தனி உரிமையாளரின் கடைக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒன்றே. கூட்டு வியாபாரக் கணக்கு தனி.

3. வங்கிக்கு நாம் தரவேண்டிய கடன் பாக்கி கழிக்கப்படலாம்.

4. பங்குத்தொகைக்குக் காப்பீடு இல்லை. கடன்களெல்லாம் தீர்ந்து மிஞ்சினால்தான் அது கிடைக்கும்.

5. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்க டெபாசிட்டுக்கு இக்காப்பீடு கிடையாது.

வரம்புக்கு மேற்பட்ட தொகை, சொத்துகளை விற்றும் கடன்களை வசூலித்தும் வருவதைப் பொறுத்தது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே கொள்முதல் பணம் முழுவதையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள்.