அயல்நாட்டில் ஒப்பந்தப் பணியாளரும் அரசின் கண்காணிப்பும்

தென்காசிக்கு மேற்கே புளியரைச் சோதனைச் சாவடியில் கஞ்சா தேடும் அதிகாரி, தக்க ஐயமின்றி ஒருவரைத் துன்புறுத்திச் சோதிப்பாராயின், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் 58ஆம் பிரிவு அவரையே ஆறு திங்கள்வரை சிறையிலிடும். குற்றாலத்தில் நீராடச் செல்வோருள் இதனை அறிந்தார் சிலரே. எனினும் இஃது அவர்க்கு அரண்.

இவ்வேலையையே ஓர் அரசு, கூலிக்கமர்த்திய கம்பெனியாரைக்கொண்டு பிறநாட்டில் நடத்துமாயின், யாரை வினவுவது? கொலம்பியாவில் கோக்கேயின் தரும் கோக்காச் செடியை ஒழிக்கத் துணைநின்ற அமெரிக்காவின் பேரவை, ஆண்டுத் தங்கக்கூடிய தன் படையினர் 500 பேர், ஒப்பந்தப் பணியாளர் 300 பேர் என 2000இல் வரம்பு கட்டிற்று. 2004இல் அவை 800, 600 ஆயின. ஆனால் பணியாளர் வரம்பு அமெரிக்கக் குடிகளுக்கே. கம்பெனியார் அமர்த்திய பிறநாட்டார் கணக்கில் வாரார். நல்ல கணக்கு!

தலையெண்ணுதல் வேறு, செயலை ஆராய்தல் வேறு. 2001 ஏப்ரல் 20ஆம் நாள் பெரு நாட்டில், அமெரிக்க உளவுத்துறையின் ஒப்பந்தப் பணியாளர் செலுத்திய கண்காணிப்பு விமானம், மிஷனரிமார் சென்ற சிறு விமானமொன்றைக் கண்டு பின்தொடர்ந்தது. கடத்தற்காரர் விமானமென்று கருதிப் பெருவின் போர்விமானம் அதனைச் சுட்டது. ஓர் அம்மையாரும் அவர் கைக்குழந்தையும் மாண்டனர். சுடுமுன் எச்சரிக்கவேண்டிய விதிகள் அதற்கு முன்னரும் பன்முறை மீறப்பட்டமையும், அது பேரவைக்கு மறைக்கப்பட்டமையும், அத்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கையால் வெளிப்பட்டது 2008இல்: ஏழாண்டு கழித்து.