ஆறு மணிக்கு 150/100, அடுத்தது காலையில்தான்

மாலை ஆறு மணிக்கு 150/100. பக்கத்தில் நர்ஸ் எழுதியிருக்கிறார்: “தலைவலி என்கிறார்.” கொடுத்தது ஒரு பாராசிட்டமால். அடுத்து பி.பி. பார்த்தது மறுநாள் காலை, வலிப்பு வந்த பிறகு. நான் நடத்திய வழக்கு ஒன்றில், ஒரு கர்ப்பிணியின் கேஸ் ஷீட் இது. தலைவலியைக் குறித்துவைத்த அந்த நர்ஸ்மீது எனக்கு மரியாதை உண்டு. அதைப் படித்துவிட்டு யாரும் வரவில்லை என்பதுதான் வழக்கே.

நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்குகள் நடத்துகிறேன். “டாக்டர் கவனிக்கவே இல்லை, வக்கீலம்மா” என்று அழுதுகொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான்.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இறங்காவிட்டால் அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பு. கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டாலோ அது பிரிஎக்லாம்ப்சியா. 160/110 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்து இறக்கியாக வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தம் கசியலாம். இந்த நோயில் வரும் வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. விலை குறைந்த, பழைய மருந்துதான்.

இந்த நோய் வருவது யார் குற்றமும் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தும் உயிர் போவதுண்டு. மணிக்கு மணி பி.பி. பார்த்து, ஊசி போட்டு, நேரத்தோடு ஆபரேஷனும் செய்த கேஸ் ஷீட்டைக் காட்டி, “இதில் வழக்கு இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. முடிவு மோசமானது என்பதாலேயே அலட்சியம் ஆகிவிடாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். டாக்டர்மீது கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும்.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவானது. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது; அதற்கு உயர் நீதிமன்றமோ சிவில் கோர்ட்டோ போக வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஏழைப் பெண்ணுக்குத்தான் எளிய வழி அடைபட்டிருக்கிறது.

நோயாளியோ குடும்பத்தாரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002 விதி. வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீக்கிரம் வாங்குங்கள். ஒரு கேஸ் ஷீட்டில் மூன்று ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, எல்லாமே 120/80 என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு.

பிள்ளை பிறந்ததோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. அதன் பிறகும் சில வாரங்களுக்கு வலிப்பு வரலாம். தாய்வீட்டில் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று பிள்ளை பெற்றவள் சொன்னால், “தலைக்கு ஊத்தினது, நீர் கோத்துக்கிச்சு” என்று சாம்பிராணி போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே பி.பி. பார்க்கக் கூட்டிப்போங்கள். மறுபடி எந்தத் தேதியில் பி.பி. பார்க்க வர வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை ஆட்டோவில் ஏறாதீர்கள்.