இன்டர்வியூக்குக் கூப்பிடவே மாட்டேங்குறாங்களா? ராமானுஜனோட விண்ணப்பத்தைப் பாருங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "இன்டர்வியூல எப்படிப் பேசணும்னு எல்லாரும் சொல்லித் தர்றாங்க. முதல்ல கூப்பிட்டாத்தானே பேசுறதுக்கு?" நியாயமான கேள்வி. நானும் அதே இடத்துல நின்னவன்தான்.

எனக்கு ஊர் கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம். பி.காம்ல ஒரு அரியர் விழுந்து, அதை முடிக்கவே தாமதமாச்சு. நடுவுல விருத்தாசலத்துல ஒரு முந்திரி வியாபாரிகிட்ட 2 வருஷம் கணக்கு பார்த்தேன். சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து சென்னை கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்புவேன். 40 இடமாவது இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே ரெஸ்யூமே. ஒரு போன்கூட வரலை.

அந்த ரெஸ்யூமேல முந்திரிக் கடை வேலையை நான் போடவே இல்லை. வெட்கம். "கடையில கணக்கு எழுதுனதெல்லாம் ஒரு அனுபவமா?"ன்னு நினைச்சேன். அதனால படிக்கிறவங்களுக்கு அந்த 2 வருஷம் நான் சும்மா இருந்த மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

அப்போதான் கணித மேதை ராமானுஜன் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தைப் படிச்சேன். மேதைக்கு என்ன, யாரும் கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பாங்கன்னு தோணும். நடந்தது அப்படி இல்லை. அவர் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். டிகிரி கிடையாது. 1910இல் வேலை தேடி அவர் போன ஊர்கள்ல ஒண்ணு திருக்கோவிலூர். அன்னிக்கு அது நம்ம ஊரும் சேர்ந்த தென்னாற்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டரா இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ஐயர், இந்த ஆளை ஆபீஸ் மூலையில உட்கார வைக்கக் கூடாதுன்னு, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1912 பிப்ரவரி 9. சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ராமானுஜன் எழுதுகிறார். சில வரிகள்தான். குமாஸ்தா இடம் காலின்னு கேள்விப்பட்டேன், விண்ணப்பிக்கிறேன். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படிச்சேன், சூழ்நிலையால தொடர முடியலை. ஆனா அதுக்கப்புறம் முழு நேரமும் கணிதத்துலதான் இருந்தேன். இந்த வேலையைச் சரியாகச் செய்வேன். சாரம் இவ்வளவுதான். கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரை. எண்களோடு வேலை செய்வதில் இவர் வேகமானவர் என்று அதில் இருந்தது. மார்ச் 1இல் ராமானுஜன் வேலையில் சேர்ந்துட்டார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இப்போ இன்னொரு கடிதம். 1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியது. அதுல பக்கம் பக்கமா தேற்றங்கள். துறைமுகத்துக்கு எழுதினதுல ஒரு தேற்றம்கூட இல்லை! எழுதினவர் ஒரே ஆள். படிக்கிறவர்தான் வேற. கணக்கருக்கு வேண்டியது கூட்டல் கழித்தல்ல தடுமாறாத ஆள். ஹார்டிக்கு வேண்டியது புதுக் கணிதம். அவங்கவங்களுக்கு வேண்டியதை அவங்கவங்ககிட்ட சொன்னார். நான் என்ன பண்ணேன்? 40 பேருக்கும் ஒரே தாளை நீட்டினேன்.

சரி, நாம என்ன செய்யலாம்?

முதல்ல, வேலை விளம்பரத்தை ரெண்டு தடவை படிங்க. அதுல கேட்டிருக்கிற மூணு, நாலு விஷயத்தை அடிக்கோடு போடுங்க. உங்ககிட்ட நிஜமாவே இருக்கிறதை, விளம்பரத்துல உள்ள அதே வார்த்தையில, ரெஸ்யூமேயோட மேல் பாதியில எழுதுங்க. பெரிய கம்பெனிகள்ல பல இடத்துல சாஃப்ட்வேர்தான் முதல்ல படிக்குது. அது தேடுறதும் அந்த வார்த்தைகளைத்தான்.

ரெண்டாவது, இடைவெளியை மறைக்காதீங்க, புலம்பவும் செய்யாதீங்க. ஒரு வரி. அடுத்த வரியில அந்த நேரத்துல என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. ராமானுஜன் செஞ்சது இதுதான்.

மூணாவது, சின்ன வேலையை எண்ணிக்கையோட எழுதுங்க. "கடையில் வேலை" இல்லை. "2 வருடம் டேலியில் தினசரி கணக்கு, மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல்".

நாலாவது, பரிந்துரை. "நமக்கு யாரைத் தெரியும்? எல்லாம் சிபாரிசு"ன்னு சொல்வீங்க. உண்மைதான், ராமானுஜனுக்கும் ஆட்கள் உதவினாங்க. ஆனா அவங்க சொந்தக்காரங்க இல்லை. நோட்டைத் தூக்கிக்கிட்டு அவரே போய்ப் பார்த்தவங்க. உங்க வேலையைக் கண்ணால பார்த்த ஒருத்தர் போதும். காலேஜ் வாத்தியாரா இருக்கலாம், அப்ரண்டிஸா இருந்த இடத்து சூப்பர்வைசரா இருக்கலாம், கடை முதலாளியா இருக்கலாம். அவங்ககிட்ட கேட்டுட்டு நம்பரைப் போடுங்க.

நான் ரெஸ்யூமேயை மாத்தி எழுதினேன். முந்திரிக் கடை மேலே வந்தது. முதலாளிகிட்ட போய், "அண்ணே, உங்க நம்பரைக் கொடுக்கலாமா?"ன்னு கேட்டேன். "இதைக் கேட்க இத்தனை நாளாடா?"ன்னு சிரிச்சார். ஆறாவது விண்ணப்பத்துக்கு போன் வந்தது. அந்த வேலை கிடைக்கலை. ஆனா அங்கே கேட்ட முதல் கேள்வி, நான் மறைச்சு வச்சிருந்த அந்த 2 வருஷத்தைப் பத்தித்தான். பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

ராமானுஜனுக்கும் எல்லாரும் பதில் போடலை. ஹார்டிக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்ல வேற ரெண்டு பேருக்கு எழுதி, ஒண்ணும் நடக்கலை. அதனால பதில் வரலைன்னா உங்ககிட்ட சரக்கு இல்லைன்னு அர்த்தமில்லை. இன்னிக்கு ராத்திரி உங்க ரெஸ்யூமேயைத் திறந்து, வெட்கப்பட்டு விட்டுட்ட ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.