உஷார்! லீனியர் அல்ஜீப்ரா எந்த செமஸ்டரில் வருகிறது, பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்து பெரியார் கலைக் கல்லூரியிலோ, சிதம்பரம் பக்கத்து சி.முட்லூர் அரசுக் கல்லூரியிலோ பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் வாரமே துறைக்குப் போய் ஆறு செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் செமஸ்டர் தாள்கள் மட்டும் போதாது. அதில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா.

நம் பக்கத்துப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் ரியல் அனாலிசிஸ் ஐந்தாவது செமஸ்டரில் வரும், லீனியர் அல்ஜீப்ரா ஆறாவதில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுத வேண்டிய ஜாம் தேர்வோ பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதன் கணிதத் தாளில் இந்த இரண்டும் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கடலூருக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் முதல் மாணவி. டிசம்பரில் ஆறாவது செமஸ்டர் தொடங்குகிறது. வெக்டர் ஸ்பேஸ் என்றால் என்னவென்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தேர்வு வந்துவிடுகிறது. விண்ணப்பமோ முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. அது அவள் காதுக்கே வரவில்லை. அவளிடம் அறிவுக்குக் குறைவில்லை. காலண்டர்தான் அவளை ஏமாற்றிவிட்டது. இத்தனைக்கும் எஸ்.எஸ். பிள்ளை என்ற மாபெரும் எண் கோட்பாட்டு அறிஞர் 1929 முதல் 1941 வரை பாடம் நடத்தியது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். எண் கோட்பாட்டின் புகழ்பெற்ற வாரிங் கணக்கில் உலகமே பேசும் வேலையை அவர் செய்ததும் அங்கேதான். அந்த மண்ணின் பிள்ளைகள் தேதி தெரியாமல் தோற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ஐந்தாவது செமஸ்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாம் ஆண்டு முடியும் மே மாத விடுமுறையிலேயே லீனியர் அல்ஜீப்ராவைத் தொடங்கிவிடுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைத் தரும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம். 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்கும் விண்ணப்பியுங்கள். கணிதத்தை மனப்பாடம் செய்யாமல் யோசிக்கப் பழக்கும் இடம் அது.

அடுத்த பள்ளம் அலைடு பாடம். இயற்பியலா, புள்ளியியலா, வேதியியலா என்று கேட்டால், தோழி எடுத்ததையே நானும் எடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்வெஸ்டிகேட்டர் வேலைக்குப் போக வேண்டுமானால் புள்ளியியலை ஆறு செமஸ்டரும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் அலைடு பாடம் இரண்டு செமஸ்டர் ஓடும், மிஞ்சினால் நான்கு. “அலைடு ஸ்டாட்ஸ் படித்திருக்கிறேனே” என்று நம்பி அந்த வேலைக்கு உழைத்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும். அதே தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிக்கல் ஆபீசர் வேலைக்குக் கதவு திறந்திருக்கிறது. பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் எடுத்த எந்தப் பட்டதாரியும் எழுதலாம். அந்தப் பழைய மார்க் ஷீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பி.எட். முடித்து ஆசிரியராகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டத்தின் பெயரில் கணிதத்தோடு வேறு ஏதாவது சொல் ஒட்டியிருந்தால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா எனச் சேரும் முன்பே கேளுங்கள். படித்து முடித்த பிறகு அதற்காக அலைவது பெரிய கொடுமை.

பெற்றோர்களே, பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இன்று மாலை அவள் வீடு திரும்பியதும் அந்த ஆறு செமஸ்டர் தாளைக் கேளுங்கள். கையில் இல்லையென்றால் நாளைக் காலை துறைத் தலைவரிடம் வாங்கி வரச் சொல்லுங்கள்.