டொர்னாடோவும் புயலும்: எது வலியது?

காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு சேதத்தைக் கணக்கிடலாகாது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 1999 மே 3-ஆம் நாள் வீசிய டொர்னாடோ எனும் சுழற்காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் ஆகும். எனினும் டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டரே. ஆயுள் சில நிமிடங்களே.

கடற்புயலோ வேகத்தில் குறைந்தது. ஆனால் பல நூறு கிலோமீட்டர் பரந்து, நாட்கணக்கில் நீடிப்பது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்கு அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன.

டொர்னாடோவுக்கு முன்னெச்சரிக்கை நிமிடங்களில்தான் கிடைக்கும். புயலுக்கோ நாட்கள் உண்டு. எச்சரிக்கை வந்ததும் முற்றிய தேங்காய்களைப் பறித்து, அடிமட்டைகளை வெட்டிக் கொண்டையின் பாரத்தைக் குறையுங்கள். ஈரமண்ணில் வேர்ப்பிடிப்பு தளருமாதலால், நீர் பாய்ச்சுவதையும் நிறுத்துதல் நலம்.