பித்தளைக் கட்டையும் மிதவையும்

1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் அதிலிருந்தே பிரேக் ஆயில் போகும். குழாய் எங்கே வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பெடல் தரைவரை இறங்கும்போதுதான் ஓட்டுபவருக்கு விஷயமே தெரியும்.

1967 மாடலில் அறை இரண்டானது; முன்னுக்கு ஒரு பாதை, பின்னுக்கு ஒரு பாதை. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயமும் ஆயிற்று. ஆனால் பாதி பிரேக்கிலும் வண்டி நிற்கிறது என்றால், மீதிப் பாதி போனதை அறியாமலே ஒருவர் நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்தது அதனால்தான்.

அந்த விளக்கை எரியவைத்த அமைப்பின் எளிமை எனக்கு இன்றும் வியப்பு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் இரண்டு குழாய்களும் ஒரு பித்தளைக் கட்டைக்குள் நுழையும். உள்ளே விரல் நுனியளவு உருளை ஒன்று. இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்வரை அது நடுவில் நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் மறுபக்க ஆயில் அதைத் தள்ளிவிடும். நகர்ந்த உருளை ஸ்விட்சின் முள்ளை அசைக்க, விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இன்றைய கார்களில் சிவப்பு விளக்குக்குப் பல வேலை. ஹேண்ட் பிரேக்கை விடுவிக்காவிட்டாலும் எரியும். ஆயில் மட்டம் இறங்கி டப்பாவுக்குள் இருக்கும் மிதவை தாழ்ந்தாலும் எரியும். மட்டம் இறங்கக் கசிவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஏபிஎஸ் கோளாறு என்றால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் படித்துவிடுவார்.

சிக்கல் எங்கே என்றால், இன்றைய கார்களின் பழக்கத்தோடு பழைய மஸ்டாங்கின் பானெட்டைத் திறக்கும்போதுதான். விளக்கு எரிகிறதே என்று ஆயிலை ஊற்றுகிறார்கள், அணையவில்லை. அதற்கு ஆயில் மட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது, அழுத்தம் மட்டுமே தெரியும். கசிந்த வீல் சிலிண்டரை மாற்றி, காற்றெடுத்து முடித்தாலும் அணைவதில்லை. தள்ளப்பட்ட உருளை தள்ளப்பட்ட இடத்திலேயே கிடக்கிறது. கடைசியில் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்கு மனம் பதறும். அடுத்த கசிவை அந்தக் கார் யாரிடம் சொல்லும்?

சோதிப்பதற்காக ஒயரைக் கழற்றுவது வேறு. கழற்றியும் விளக்கு எரிந்தால், ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. அணைந்தால் குற்றம் கட்டைக்குள். கசிவைத் தேடிச் சரிசெய்து, ஒயரைத் திரும்ப மாட்டிய பிறகே உருளையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் தேவை. கசிந்தது பின்பக்கம் என்றால் முன் சக்கரத்தில் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். சாவியைப் போட்டு, விளக்கைப் பார்த்தபடி பெடலை மெல்ல, மிக மெல்ல அழுத்த வேண்டும். விளக்கு அணைந்த கணத்தில் கால் அங்கேயே நிற்கட்டும். மேலும் அழுத்தினால் உருளை அடுத்த பக்கம் ஓடிவிடும். நிப்பிளை மூடியாயிற்று என்று கீழேயிருந்து குரல் வந்த பிறகே காலை எடுக்க வேண்டும்.