விரலில் குத்திய பச்சை ஏன் நிலைப்பதில்லை?

சில மாதங்களுக்கு முன் எங்கள் தோல் மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு ஓர் இளம்பெண் வந்தார். மறைந்த தாயாரின் பெயரை மோதிர விரலின் பக்கவாட்டில் பச்சை குத்தியிருந்தார். நான்கே எழுத்துகள். ஓராண்டு முடிவதற்குள் இரண்டு எழுத்துகள் மறைந்துவிட்டன. மூன்றாவதும் பாதிதான் இருந்தது. அதே இடத்தில் இருமுறை மீண்டும் குத்திக்கொண்டிருக்கிறார். கடைசி முறை, "ஆழமாகக் குத்தினால்தான் நிற்கும்" என்று சொல்லிக் குத்தியிருக்கிறார்கள். முடிவில் எஞ்சியவை தடித்த தழும்பும் அதைச் சுற்றிப் படர்ந்த நீலக் கறையும்தான். தழும்பைப் பற்றி அவர் எங்களிடம் அதிகம் கேட்கவில்லை. "அம்மா பெயரை நிலைக்க வைக்க வழியே இல்லையா, டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

இத்தகைய கேள்விக்கு, "இதையெல்லாம் ஏன் செய்துகொண்டீர்கள்?" என்று கடிந்துகொள்ளும் பழக்கம் மருத்துவர்களாகிய எங்களிடம் உண்டு. அது விடையாகாது. விரலிலும் கையிலும் பச்சை குத்திக்கொள்ள விரும்புவோர் பெருகிவரும் இக்காலத்தில், அது ஏன் மங்குகிறது, எங்கு ஓரளவு நிலைக்கும், எதனால் ஆபத்து வரும் என்பதை விளக்குவதே முறை என்று கருதுகிறோம்.

நமது தோலின் வெளி அடுக்கு மேல்தோல். அது ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர, அடியிலிருந்து புதியவை எழும்புகின்றன. அந்த அடுக்கில் தங்கிய மை, செல்களோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள உள்தோலில் இறங்கிய மையே நிலைக்கும். அங்கும் அது துணியில் ஏறிய சாயம்போல் சும்மா கிடப்பதில்லை. மைத்துகளை அந்நியப் பொருளாகக் கருதி, மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் அவற்றை உட்கொள்கின்றன. அந்தச் செல் இறக்கும்போது வெளிப்படும் துகள்களை அடுத்த செல் விழுங்கிவிடுகிறது. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதனைக் கண்டறிந்து 2018-இல் வெளியிட்டனர். பச்சை என்பது உடல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காக்கும் ஒரு சுமை என்று சொல்லலாம்.

நம் பாட்டிமார்களின் முன்கையில் குறத்தியர் குத்திய கோலங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் குத்திய அந்தப் புள்ளிகள், கோடு சற்றே பருத்துக் கலங்கினாலும், முதுமை வரை அழிவதில்லை. (கரி கருப்பாயினும் தோலின் ஊடாகப் பார்க்கையில் ஒளிச் சிதறலால் நீலப்பச்சையாகத் தெரியும், "பச்சை" என்ற பெயர் பொருத்தமானதே.) இன்றைய இயந்திரமும் விலையுயர்ந்த மையும் விரலில் தோற்கின்ற இடத்தில் அந்தக் கரி வென்றதற்குக் காரணம், மையைவிட இடம்தான். முன்கையின் தோல் சீரானது, உராய்வு குறைவு, மடிப்பும் அதிகம் இல்லை.

கை என்று பொதுவாகச் சொன்னாலும், அதன் தோல் ஒரே தன்மையுடையது அன்று. உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் மேல்தோல் மிகத் தடித்தது. ஊசி அதைக் கடந்து சரியான ஆழத்தில் மையை இறக்குவது கடினம். இறங்காத மை சில வாரங்களில் உரிந்துவிடும். விரலின் பக்கவாட்டுதான் இன்று பலரும் விரும்பும் இடம். ஆனால் தடித்த தோலும் மெல்லிய தோலும் சந்திக்கும் எல்லை அது. ஒரு கோட்டின் ஒரு பாதி மங்கி, மறு பாதி கசிவதற்கு இதுவே காரணம். பக்கத்து விரலோடு நாள் முழுவதும் உரசுவதும் அந்த இடம்தான். மூட்டுகளின் மேல் தோல் ஓயாமல் மடிந்து விரிகிறது. மூட்டுக்கும் மூட்டுக்கும் இடைப்பட்ட விரலின் மேற்பகுதி இவற்றைவிட மேலானது. புறங்கை அதனினும் மேல். மணிக்கட்டுக்கு மேலே உள்ள முன்கை எல்லாவற்றிலும் நல்லது.

ஆழமாகக் குத்தினால் நிலைக்கும் என்பது தவறான எண்ணம். உள்தோலைத் தாண்டிய மை, அடியிலுள்ள தளர்ந்த திசுவில் பரவிக் கறையாகிவிடும். விரலில் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. தசைநாண்களும் நரம்புகளும் மிக அருகில் உள்ளன. ஆறாத தோலில் திரும்பத் திரும்பக் குத்துவதால் தழும்பு திரளும். தழும்பில் மை சீராகப் படியாது. ஆகவே மறுமுறை குத்துவதாயின் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் இடைவெளி வேண்டும். ஒருமுறை திருத்தியும் நிற்கவில்லையெனில், அந்த இடம் மையை ஏற்காது என்று விட்டுவிடுவதே நல்லது.

எனினும் விரலில்தான் வேண்டும் என்போர், விரலின் மேற்பகுதியைத் தேர்ந்து, கருப்பு மையில், எளிய வடிவில், எழுத்துகளுக்கிடையே தாராள இடைவெளி விட்டுக் குத்திக்கொள்வது நலம். நுண்ணிய எழுத்துகள் விரலில் ஒன்றோடொன்று கலந்துவிடும். குத்திய பின் முதல் மூன்று வாரங்கள் முக்கியமானவை. மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். நாரால் பாத்திரம் விளக்குதல், துணி துவைத்தல், சிமெண்ட் கலவையைத் தொடுதல் ஆகியவற்றைத் தவிருங்கள். குளம், கடல், நீச்சல் குளம் வேண்டாம். மஞ்சள், பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பக்கைத் தாமாக உதிர விடுங்கள். புண் முழுவதும் ஆறிய பிறகு, வெயிலில் செல்லும்போது சன்ஸ்கிரீன் பூசினால் நிறம் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நாளெல்லாம் கை கழுவும் செவிலியர், கட்டடத் தொழிலாளர், சமையற்காரர் ஆகியோரின் விரலில் எவ்வளவு பேணினாலும் மங்கவே செய்யும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்போர், இதய வால்வு நோயுள்ளோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் குத்திக்கொள்ள வேண்டாம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஊசிபட்ட இடத்திலேயே புதிய படை தோன்றலாம். கீலாய்டு தழும்பு எளிதில் வரும் உடல்வாகினருக்கும் இது ஏற்றதன்று.

ஊசி புதியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. 2011-12-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்குக் காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமியால் பச்சையில் கொப்புளங்கள் வந்தன. ஏற்கெனவே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல்நிற மையே காரணம். எனவே மையைக் குழாய்நீரில் கலக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாட்களேனும் உயிர்ப்புடன் இருக்கும். அதற்கான மூன்று தவணைத் தடுப்பூசியை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமையைப் பெரிதும் உண்டாக்குவது சிவப்பு மை. தற்காலிகமானது என்று நம்பிக் "கருப்பு மருதாணி" இட்டுக்கொள்வதும் வேண்டாம். அதில் கலக்கப்படும் தலைச்சாய வேதிப்பொருள் கொப்புளங்களை உண்டாக்கக்கூடும்.

அந்தப் பெண்ணின் விரலில் இனி ஊசி படக்கூடாது என்று சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி தொடங்கியுள்ளோம். அது அடங்கிய பிறகு, கீலாய்டு இல்லை என்று உறுதியானால், முன்கையின் உட்புறத்தில் குத்திக்கொள்ளத் தடையில்லை. நீலக் கறைக்கு லேசர் உண்டு. ஆனால் பல அமர்வுகள் தேவை. விரலில் அது உடலின் மற்ற இடங்களைவிட மெதுவாகவே அழியும். மங்கவிரும்பும் இடம் அழிக்க மறுப்பது விந்தைதான்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருங்கள். பச்சை குத்திய விரல் முழுவதும் வீங்கி, சற்று மடங்கியே இருந்து, நீட்டினால் கடும் வலி எடுத்தால், கிருமி தசைநாண் உறைக்குள் புகுந்திருக்கலாம். தாமதித்தால் விரலின் அசைவே போய்விடும். மறுநாள் புறநோயாளர் நேரத்துக்காகக் காத்திராமல், இரவாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வரும் வழியிலேயே அந்தக் கையின் மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள்.